நகரச் சின்னத்தை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமா?

1954 டிசம்பரில் லண்டனில் ஒரு விசித்திரமான நீதிமன்றம் கூடியது. பெயர் 'கோர்ட் ஆஃப் ஷிவல்ரி'. பிரபுக்களின் கேடயச் சின்னங்களை யார் தாங்கலாம், யார் தாங்கக் கூடாது என்ற தகராறுகளைத் தீர்க்க இடைக்காலத்தில் ஏற்பட்ட மன்றம் அது. அதற்கு முன் கடைசியாகக் கூடியது 1737-இல். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்ததைத் தட்டி எழுப்பியது மான்செஸ்டர் மாநகராட்சி. எதிராளி, அதே ஊரில் கேளிக்கை அரங்கு ஒன்றை நடத்திவந்த 'மான்செஸ்டர் பேலஸ் ஆஃப் வெரைட்டீஸ்' என்ற கம்பெனி. மேடைத் திரைக்கு மேலே நகரத்தின் சின்னத்தை அலங்காரமாக வைத்திருக்கிறார்கள், கம்பெனி முத்திரையிலும் அதையே பொறித்திருக்கிறார்கள் என்பது புகார்.

விசாரித்தவர் இங்கிலாந்தின் அன்றைய தலைமை நீதிபதி காடார்ட் பிரபு. மாநகராட்சிதான் வென்றது. ஆனால் தீர்ப்பில் அவர் ஒரு கோடு கிழித்தார். ஒரு நகரத்தின் சின்னத்தை அழகுக்காக எங்கோ மாட்டிவைத்தார்கள் என்பதற்காக மட்டும் இந்த நீதிமன்றத்தைக் கூட்டுவது இந்தக் காலத்தில் சரியாகுமா என்பதில் அவருக்கே ஐயம் இருந்தது. முத்திரை விஷயம் வேறு. ஒரு கம்பெனி தன் ஆவணங்களில் நகரசபையின் சின்னத்தைப் பதித்தால், அந்த ஆவணத்துக்குப் பின்னால் நகரசபை நிற்பதாகப் பார்ப்பவர் எண்ணக்கூடும். இந்த மன்றம் இனியும் இயங்க வேண்டுமானால் நாடாளுமன்றம் அதற்கு முறையாகச் சட்டம் இயற்றட்டும் என்றும் காடார்ட் சொல்லிவைத்தார். அதன்பின் அது கூடவே இல்லை.

நகரக் கொடிகளையும் சின்னங்களையும் பொதுமக்கள் பயன்படுத்துவது பற்றி உலகம் முழுக்க நடந்த வழக்குகளையும் விதிகளையும் புரிந்துகொள்ள, காடார்ட் கிழித்த அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம். படம் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் எல்லோரும் மோதிக்கொள்கிறார்கள். நகரங்களுக்கு உண்மையில் வலிப்பது, தங்கள் குரலில் வேறொருவர் பேசுவது.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க, விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏதாவது ஓர் ஐரோப்பிய நகரத்தின் சின்னத்தைத் திறந்து பாருங்கள். 'இந்தப் படத்துக்குப் பதிப்புரிமை கிடையாது' என்று மேலே ஒரு பெட்டி இருக்கும். சற்றுக் கீழே இன்னொரு பெட்டி: 'இத்தகைய சின்னங்களைப் பயன்படுத்தப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு; அது பதிப்புரிமையோடு தொடர்பில்லாதது.' படிக்கிறவருக்குத் தலை சுற்றும். எடுத்துக்கொள் என்கிறார்களா, தொடாதே என்கிறார்களா? இரண்டு பெட்டிகளும் சொல்வது உண்மைதான். அவை இரண்டு வெவ்வேறு பூட்டுகளைப் பற்றிப் பேசுகின்றன.

முதல் பூட்டு பதிப்புரிமை. ஐரோப்பிய மரபில் கேடயச் சின்னம் என்பது ஒரு குறிப்பிட்ட ஓவியம் அல்ல, ஒரு வாசகம். ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் கேடயத்தை எடுத்துக்கொள்வோம். சிவப்புக் கேடயம், நடுவே மேலிருந்து கீழாக ஒரு கறுப்புப் பட்டை, அந்தப் பட்டையில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வெள்ளிப் பெருக்கல் குறிகள். சின்னம் இவ்வளவுதான். இந்த வாசகத்தை மீறாமல் நீங்களும் வரையலாம், நானும் வரையலாம். சிவப்பு கொஞ்சம் அடர்ந்திருக்கலாம், பெருக்கல் குறியின் கை தடித்திருக்கலாம். இரண்டும் ஆம்ஸ்டர்டாமின் சின்னமே. ஆனால் நீங்கள் வரைந்த படம் உங்கள் உழைப்பு, நான் வரைந்தது என் உழைப்பு. நூறாண்டு பழைய வாசகத்தை வைத்து ஓர் ஓவியர் நேற்று வரைந்த படத்துக்கு அவருடைய பதிப்புரிமை தனியாக இருக்கக்கூடும். நகரசபையின் இணையதளத்தில் இருக்கும் கோப்பை அப்படியே எடுக்காமல், விக்கிப்பீடியத் தன்னார்வலர்கள் வாசகத்தைப் பார்த்துத் தாங்களே வரைந்து ஏற்றுவது இதனால்தான்.

சில நாடுகள் இந்தப் பூட்டைச் சட்டத்தாலேயே கழற்றிவிட்டன. ரஷ்யாவின் உரிமையியல் சட்டத் தொகுப்பில் 1259-ஆம் பிரிவு, அரசின் கொடி, சின்னம், பணத்தாள் ஆகியவற்றோடு உள்ளாட்சிகளின் சின்னங்களையும் சேர்த்து, இவை பதிப்புரிமைக்கு உட்பட்டவை அல்ல என்கிறது. போலந்தின் பதிப்புரிமைச் சட்டமும் அரசாங்கச் சின்னங்களை விலக்கி வைக்கிறது. ஜெர்மனியில், அரசு அமைப்புகள் அதிகாரபூர்வமாக வெளியிடும் படைப்புகளுக்குப் பாதுகாப்பு இல்லை என்ற 5-ஆம் பிரிவின் கீழ் நகரச் சின்னங்களும் வருகின்றன. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மத்திய அரசின் படைப்புகளுக்குத்தான் பதிப்புரிமை கிடையாது. மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் அந்த விலக்கு தானாக வந்துவிடாது. ஆகவே ஒரு வடிவமைப்பாளர் புதிதாக வரைந்து கொடுத்த நகரக் கொடி, எழுத்துபூர்வமாக ஏதும் செய்யாவிட்டால் அவர் இறந்து 70 ஆண்டு வரை அவர் உரிமையிலேயே இருந்துவிடலாம்.

பதிப்புரிமை இல்லை என்றதும் கதை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இரண்டாவது பூட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். ஜெர்மானிய உரிமையியல் சட்டத்தின் 12-ஆம் பிரிவு ஒருவரின் பெயரைக் காக்கும் பிரிவு. உங்கள் பெயரை இன்னொருவர் தனதாகச் சொல்லித் திரிந்தால் தடுக்கலாம். அந்த உரிமை நகரங்களுக்கும் உண்டு, நகரத்தின் பெயரைப் போலவே அதன் சின்னமும் அந்த நகரத்தைச் சுட்டுகிறது என்று ஜெர்மானிய நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆகவே படத்தை அச்சடிப்பது, பாடப் புத்தகத்தில் போடுவது, வரலாற்றுக் கட்டுரைக்கு மேல் வைப்பது பெரும்பாலும் சிக்கலில்லை. அதே படத்தைக் கடிதத் தாளின் தலையில் போட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பினால் நகரசபையிலிருந்து வேறொரு கடிதம் வரும். காடார்ட் கிழித்த அதே கோடு, வேறொரு சட்ட மரபின் வழியாக.

ஸ்வீடன் இதை 1970-இலேயே தனிச் சட்டமாக எழுதிவிட்டது. நகராட்சி தன் சின்னத்தைக் காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பதிவானதை, அல்லது அதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய எதையும், அனுமதியில்லாமல் வணிகத்தில் பயன்படுத்தக் கூடாது. அழுத்தம் விழுவது 'வணிகத்தில்' என்ற சொல்லில். பள்ளிக் குழந்தை நோட்டில் வரைவதைப் பற்றி அந்தச் சட்டத்துக்குக் கவலை இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது செக் நாட்டின் ஏற்பாடு. அங்கே நாடாளுமன்றக் கீழவையின் சபாநாயகர்தான் ஊர்களுக்குச் சின்னமும் கொடியும் வழங்குகிறார். சின்னக் கலையும் கொடிக் கலையும் தெரிந்தவர்கள் அடங்கிய துணைக்குழு ஒன்று வடிவங்களைப் பார்த்துச் சொல்லும். உள்ளாட்சிச் சட்டம் பயன்பாட்டை இரண்டாகப் பிரிக்கிறது. ஊரின் சின்னத்தை மற்றவர்கள் பயன்படுத்த ஊரின் சம்மதம் வேண்டும். ஊரின் கொடியைப் பயன்படுத்தச் சம்மதம் வேண்டியதில்லை. அவ்வளவுதான், இரண்டே வாக்கியம். சின்னம் சபையின் கையெழுத்து, கொடி ஊராரின் உடைமை. இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் அதே உருவங்கள்தான் என்பதை நினைத்தால் இந்தப் பிரிவினை எவ்வளவு துணிச்சலானது என்று புரியும்.

ஹாம்பர்க் இன்னொரு வழியில் அதே இடத்துக்கு வந்தது. அது நகரம், அதே நேரத்தில் ஜெர்மனியின் ஒரு மாநிலமும்கூட. மாநிலச் சின்னத்தை அதிகாரமின்றிப் பயன்படுத்துவது அங்கே அபராதத்துக்குரிய குற்றம். ஆனால் துறைமுக நகரத்து மக்கள் அந்தச் சின்னத்தில் இருக்கும் தங்கள் வெள்ளைக் கோட்டையை விடுவார்களா? கடை, படகு, விளையாட்டுச் சங்கம் என்று எங்கும் அதைப் போட ஆசைப்படுவார்கள். அதனால் நகர அரசு அதே கோட்டையை எளிமையாக்கி 'ஹாம்பர்க் சிம்பல்' என்று தனியாக ஒன்றைச் செய்து, ஊரோடு தங்களுக்குள்ள பிணைப்பைக் காட்ட விரும்பும் மக்களும் நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று விட்டது. ஹெஸ்ஸன் மாநிலத்திலும் நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியாவிலும் இதே போல மக்களுக்கென்று தனிக் குறிகள் இருக்கின்றன. அதிகாரச் சின்னம் அலுவலகத்தில், அதன் தங்கை தெருவில்.

மூன்றாவது பூட்டு வணிகக்குறி. இங்கே கேள்வி தலைகீழாகிறது. நகரம் மக்களைத் தடுக்கலாமா என்பது போய், தனியார் யாராவது நகரத்தின் சின்னத்தைத் தனக்கென்று பதிவு செய்து மற்றவர்களைத் தடுத்துவிடலாமா என்று வந்து நிற்கிறது. கார் முகப்புகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். போர்ஷே காரின் முத்திரை நடுவில் துள்ளும் குதிரை ஸ்டுட்கார்ட் நகரத்துடையது. ஆல்ஃபா ரோமியோவின் வட்டத்தில் பாதி மிலான் நகரத்துச் சிவப்புச் சிலுவை. மறுபாதியில் அந்நகரை ஆண்ட விஸ்கோன்டி குடும்பத்தின் பாம்பு. பெக்ஸ் பியர் போத்தலில் இருக்கும் சாவி பிரெமன் நகரத்தின் சாவி, கண்ணாடியில் பார்த்தது போலத் திருப்பி வைத்தது. அந்தத் திருப்பலை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

தொழில்துறைச் சொத்துகளைக் காக்கும் பாரிஸ் உடன்படிக்கையின் 6ஆவது 'டெர்' பிரிவு, உறுப்பு நாடுகளின் கொடிகளையும் அரசுச் சின்னங்களையும் யாரும் வணிகக்குறியாகப் பதிவு செய்யக் கூடாது என்கிறது. பாதுகாப்புப் பட்டியலில் நாடுகளும் பன்னாட்டு அமைப்புகளும் இருக்கின்றன, நகரங்கள் இல்லை. அந்த ஓட்டையை ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தால் அடைக்க வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 'பொதுநலன் சார்ந்த சின்னங்கள்' என்ற பரந்த சொல்லால் அடைத்தது. அமெரிக்காவின் வணிகக்குறிச் சட்டமான லான்ஹம் சட்டம் வெளிப்படையாகவே எழுதியது: நாடு, மாநிலம், நகராட்சி ஆகியவற்றின் கொடியோ சின்னமோ அடங்கிய எதையும் பதிவு செய்ய முடியாது.

அந்த வரியில் போய் முட்டிக்கொண்டது ஹூஸ்டன் மாநகராட்சி. ரயில் எஞ்சினும் கலப்பையும் ஒற்றை நட்சத்திரமும் கொண்ட தன் முத்திரையை, வேறு யாரோ அல்ல, தானே வணிகக்குறியாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது. ஏமாற்றுக்காரர்கள் முத்திரையைப் போட்டு மக்களை மோசம் செய்வதைத் தடுக்க வேண்டாமா என்பது அதன் வாதம். தலைநகர் வாஷிங்டனின் அரசும் இதே போன்ற விண்ணப்பத்தோடு வந்தது. 2013-இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டையும் சேர்த்தே நிராகரித்தது. சட்டம் 'முடியாது' என்றால் யாருக்கும் முடியாது. நகரசபைக்கு மட்டும் விலக்கு என்று அங்கே எழுதியிருக்கவில்லை. ஏமாற்றைத் தடுக்க வேண்டுமானால் நகரம் தானே ஒரு விதி இயற்றிக்கொள்ளலாமே என்றும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

விதி இயற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் கைவசம் உதாரணம் இருக்கிறது. வர்ஜீனியா மாநிலத்தில் ஃப்ளூவானா என்ற கவுன்டி (நம் மாவட்டம் போன்றது), தன் முத்திரையை அனுமதியில்லாமல் யார் பயன்படுத்தினாலும் குற்றம் என்று விதி போட்டது. உள்ளூர் நிர்வாகத்தைப் பற்றி இணையத்தில் எழுதிவந்த ஒருவர் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2011-இல் மத்திய நீதிமன்றம் அந்த விதி பேச்சுரிமைக்கு எதிரானது என்று தள்ளியது. நிர்வாகம் போலப் பேசி ஏமாற்றுகிறவனைத் தடுப்பது வேறு. நிர்வாகத்தைப் பற்றிப் பேசுகிறவன் அதன் சின்னத்தைக் காட்டுவதைத் தடுப்பது வேறு. இரண்டையும் ஒரே வலையில் பிடிக்கப் பார்த்ததுதான் கோளாறு. சின்னத்தைக் காக்க வரும் விதிகளில் நான் அதிகம் அஞ்சுவது இந்த வகையைத்தான். மரியாதை என்ற பெயரில் தொடங்கி, விமர்சிக்கிறவர் மேல் போய் முடியும்.

இங்கிலாந்தில் இந்தத் தகராறு கால்பந்தில் அடிக்கடி எட்டிப் பார்க்கிறது. மான்செஸ்டர் யுனைடெட் முத்திரையில் இருக்கும் கப்பல் நகரத்தின் சின்னத்திலிருந்து வந்தது. மான்செஸ்டர் சிட்டியின் பழைய முத்திரையிலும் அது இருந்தது. 1997-இல் அந்தக் கழகம் முத்திரையை மாற்றியபோது, பழையதை வணிகக்குறியாகப் பதிவு செய்ய முடியாது என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. லிவர்ப்பூல் கழகம் தன் நெஞ்சில் தாங்கும் 'லிவர் பேர்ட்' பறவையைப் பதிவு செய்ய முனைந்தபோது, 1797 முதல் அந்தப் பறவையைச் சின்னத்தில் வைத்திருக்கும் நகரசபை ஆட்சேபித்தது. பிற்பாடு அதே கழகம் 'லிவர்ப்பூல்' என்ற பெயரையே பதிவு செய்யப் போய், 2019-இல் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

மான்செஸ்டர் சின்னத்தில் இன்னொன்றும் உண்டு. 1842-இல் வழங்கப்பட்ட அந்தச் சின்னத்தின் உச்சியில் உலக உருண்டை, அதன் மேல் தேனீக்கள். ஆலைத் தொழிலாளர் ஊரின் உழைப்புக்கு அடையாளம். 2017 மே 22 அன்று அங்கே இசை நிகழ்ச்சி அரங்கில் வெடித்த குண்டுக்கு 22 பேர் பலியானபின், அந்தத் தேனீ நகரம் முழுக்கப் பறந்தது. சுவரிலும் சட்டையிலும் வரைந்தார்கள். நிவாரண நிதி திரட்டுவதற்காகப் பச்சை குத்தும் கடைகளில் வரிசையில் நின்று உடம்பில் குத்திக்கொண்டார்கள். 1954-இல் திரைக்கு மேல் மாட்டிய சின்னத்துக்காக வழக்காடிய அதே நகரத்தின் சின்னத்திலிருந்துதான் இதுவும் எடுக்கப்பட்டது. ஒருவர் முழங்கையில் இருக்கும் தேனீயைப் பார்த்து அவரை மாநகராட்சி அதிகாரி என்று யாரும் நினைக்கப் போவதில்லை. பிரச்சினை அங்கே எழவே வழியில்லை.

மக்கள் தங்கள் நகரக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடியதற்கு எல்லோரும் காட்டும் ஊர் சிகாகோ. வெள்ளைத் துணி, இரண்டு நீலப் பட்டைகள், நடுவே ஆறு முனை கொண்ட நான்கு சிவப்பு நட்சத்திரங்கள். 1917-இல் வாலஸ் ரைஸ் வரைந்தபோது நட்சத்திரம் இரண்டுதான். 1933-இல் மூன்றாவதும் 1939-இல் நான்காவதும் சேர்ந்தன. 1871-இல் ஊரை எரித்த பெருந்தீக்கு ஒன்று, 1893 உலகக் கண்காட்சிக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. இன்று அந்தக் கொடியை டி-சர்ட், காபிக் கோப்பை, சைக்கிள் பெல், தோளில் குத்திய பச்சை என எங்கும் காணலாம்.

பலருக்குத் தெரியாதது, அந்த நகரம் மக்களுக்கென்று வேறொன்றை எப்போதோ எழுதிவைத்துவிட்டது என்பது. சிகாகோ நகராட்சிச் சட்டத் தொகுப்பில் 'முனிசிபல் டிவைஸ்' என்று ஒரு பகுதி உண்டு. வட்டத்துக்குள் ஆங்கில 'ஒய்' எழுத்து வடிவம். சிகாகோ ஆற்றின் கிளைகள் ஊர் நடுவே கூடும் இடத்தைக் குறிப்பது. 1892-இல் 'சிகாகோ ட்ரிப்யூன்' நாளிதழ் நகரத்துக்கென ஓர் அடையாளம் கேட்டு 100 டாலர் பரிசோடு போட்டி வைத்தது. டென்மார்க்கிலிருந்து குடியேறிய ஏ.ஜே. ரோவாட் அனுப்பிய யோசனையிலிருந்து வந்தது இந்த வடிவம். 1917-இல் சட்டத்தில் ஏறியபோது, இது நகரத்தின் மற்றும் மக்களின் அதிகாரபூர்வமல்லாத தேவைகளுக்கானது, அவரவர் ரசனைக்கும் தேவைக்கும் ஏற்ப நிறமும் வடிவமும் மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். முத்திரை அரசுக்கு, 'ஒய்' மக்களுக்கு. ஹாம்பர்க்கின் யோசனை பல்லாண்டுகளுக்கு முன்பே மிச்சிகன் ஏரிக்கரையில் சட்டமாகிவிட்டது.

மக்கள் என்ன செய்தார்கள்? கொடுத்ததை விட்டுவிட்டுக் கொடியை எடுத்துக்கொண்டார்கள். கொடியை அலங்காரத்துக்கும் ஊர்ப்பற்றுக்கும் தவிர வேறெதற்கும் பயன்படுத்துவதற்கு எதிராகச் சட்டத் தொகுப்பில் வாசகம் இருந்தும், விற்பனைக்கு வரும் ஒவ்வொரு தொப்பியையும் யாரும் துரத்தவில்லை. 'ஒய்' இன்றும் பாலங்களிலும் கட்டட முகப்புகளிலும் ஒளிந்திருக்கிறது. சிகாகோ தியேட்டரின் புகழ்பெற்ற முகப்புப் பலகையில் எழுத்துகளுக்குப் பின்னால் அது இருக்கிறது. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்பவர்களில் பெரும்பாலோர் கவனிப்பதில்லை.

அமெரிக்க நகரங்களில் கொடி வரைவதே இப்போது ஓர் இயக்கமாகிவிட்டது. வட அமெரிக்கக் கொடியியல் சங்கம் 2004-இல் 150 நகரக் கொடிகளை மக்களின் மதிப்பீட்டுக்கு விட்டபோது கடைசி இடம் ஐடஹோ மாநிலத்து போகடெல்லோவுக்கு. அந்தக் கொடியில் ஒரு விளம்பர வாசகம் இருந்தது. அதோடு டிரேட்மார்க் குறியும் பதிப்புரிமை அறிவிப்பும் கொடித் துணியிலேயே அச்சாகியிருந்தன. அழகைப் பற்றி ஆயிரம் சொல்லலாம். 'இதை நகலெடுக்காதே' என்று தன் குடிமக்களைப் பார்த்துச் சொல்லும் கொடியை யார் தூக்கிப் பிடிப்பார்கள்? கேலி உலகளவில் பரவிய பிறகு, 2017-இல் அந்த ஊர் மலைகளைக் கொண்ட புதிய கொடியை ஏற்றது.

மில்வாக்கியில் நடந்தது இதற்கு நேர் எதிர். நகரசபை ஒதுங்கி நிற்க, 2016-இல் ஊர் மக்களே போட்டி நடத்தினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. பொதுமக்கள் மதிப்பெண் போட்டு ராபர்ட் லென்ஸ் வரைந்த 'ஏரியின் மேல் சூரியோதயம்' வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அது எவருடைய பதிப்புரிமையிலும் இல்லாமல் பொதுவில் விடப்பட்டது. மதுபானக் கடை, ரொட்டிக் கடை, வீட்டு வாசல் என்று அது பரவி, 'மில்வாக்கி மக்கள் கொடி' என்றே பெயராகிவிட்டது. பல ஆண்டுகள் ஆகியும் நகர மன்றம் அதை அதிகாரபூர்வக் கொடியாக ஏற்கவில்லை. சட்டப்படி நகரத்தின் கொடி, 1950-களில் வந்த, பல சின்னங்கள் நெருக்கியடிக்கும் பழைய கொடியேதான்.